புது மூட்டோடு மீண்டும் கடற்கரைக்கு
முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பிறகு: படிப்படியாக ஒரு பாடம்

காலை ஐந்தரை மணிக்குத் தூத்துக்குடி பீச் ரோட்டில் போய் நின்று பாருங்கள். ரோச் பூங்கா பக்கம் நடை போகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் பலர். ஒருவர் நாலு நாள் வரவில்லை என்றால் மற்றவர்கள் போன் போட்டுக் கேட்பார்கள்: "என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம்? முட்டு வலியா?"

அப்படி ஓர் அண்ணாச்சி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றி இறக்கியவர், இப்போது ஓய்வு. மாலையானால் தூண்டிலும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாகக் கடலோரம் போய் உட்காருவதுதான் அவருடைய சந்தோஷம். சில வருஷமாக மூட்டுத் தேய்மானம். மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மூட்டு மாற்று ஆபரேஷன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி வலியைப் பற்றிக் கேட்கவில்லை. "டாக்டர், நான் திரும்பத் தூண்டில் போடப் போவேனா?" என்றுதான் கேட்டார்.

"போவீங்க அண்ணாச்சி. மூட்டை நாங்க மாத்திருவோம். ஆனா கடற்கரைக்கு நடந்து போற வேலை உங்களோடது."

அந்தப் பதிலுக்கு விளக்கம்தான் இந்தப் பாடம். ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேர வேலை. அதன் பலன் முழுதாகக் கிடைப்பது, அடுத்த மூன்று மாதம் வீட்டில் நீங்கள் செய்யும் பயிற்சியைப் பொறுத்தது. அந்த மூன்று மாதத்தில் எதை, எப்போது, எவ்வளவு செய்ய வேண்டும், அரசுச் சேவைகளில் எவை கைகொடுக்கும், கையிலிருக்கும் போனை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்ப்போம்.

ஆபரேஷன் எதைச் சரிசெய்கிறது?

தொடை எலும்பின் கீழ்முனையும் முன்னங்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கும் இடம்தான் முழங்கால் மூட்டு. இரண்டின் முனைகளையும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். அது தேய்ந்தால் எலும்பும் எலும்பும் உரசும். வலி, வீக்கம், கால் வளைவு எல்லாம் அதிலிருந்து வருபவை.

"மூட்டையே வெட்டி எடுத்துட்டு இரும்பை வைக்காங்க" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது சரியல்ல. தேய்ந்த மேற்பரப்பை மட்டும் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். தொடை எலும்பு முனைக்குப் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் உலோக உறை, கீழ் எலும்புக்கு ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக். சொத்தைப் பல்லைச் சுத்தம் செய்து 'கேப்' போடுவது மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை வருஷம் தாங்கும்?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பல நாடுகளின் பதிவேடுகளைத் தொகுத்து 2019-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றங்களில் 100-க்குச் சுமார் 82, 25 ஆண்டுகள் வரை நீடிக்கின்றன.

ஆனால் ஆபரேஷனால் தர முடியாத ஒன்று உண்டு. அது தசை வலு. வலிக்குப் பயந்து பல வருஷம் காலை ஒதுக்கியே நடந்ததில், முன்தொடைத் தசை ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஆபரேஷனுக்குப் பின் முதல் சில வாரங்களில் அதன் வலு இன்னும் குறையும். மூட்டு புதிது, அதை இழுக்கும் கயிறு பழையது. அந்தக் கயிற்றை முறுக்கேற்றுவதுதான் பயிற்சி.

முன்னாள் பிரதமர் வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலிலும், 2001 ஜூனில் வலது முழங்காலிலும் மும்பையில் மூட்டு மாற்று சிகிச்சை நடந்தது. செய்தவர் டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். இரண்டாவது ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் கழித்து, ஜூலை நடுவில், ஆக்ரா உச்சி மாநாட்டில் பாகிஸ்தான் அதிபரோடு அவர் பேச்சுவார்த்தை நடத்தினார். ஐந்து வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் கால் முழு வலு பெற மாதங்கள் ஆகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிக் கவலை குறையும்.

கோணக் கணக்கு: எதற்கு எவ்வளவு மடங்க வேண்டும்?

கால் நேராக நீட்டியிருப்பது 0 டிகிரி. நாற்காலியில் உட்கார்ந்து முன்னங்கால் செங்குத்தாக நிற்பது 90 டிகிரி. அன்றாட வேலைக்குத் தேவையான மடக்கம் ஏறக்குறைய இப்படி:

• சமதளத்தில் நடக்க: 65 முதல் 70 டிகிரி
• படி ஏற: 85 டிகிரி
• படி இறங்க: 90 முதல் 100 டிகிரி
• நாற்காலியிலிருந்து சுலபமாக எழ: 95 முதல் 105 டிகிரி
• சைக்கிள் மிதிக்க: 105 முதல் 110 டிகிரி
• தரையில் சம்மணமிட, குந்த: 120-க்கும் மேல்

மூட்டு மாற்றியவர்களில் பலர் 110 முதல் 120 டிகிரி வரை எட்டுகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே கால் மடங்காமல் இறுகிப் போயிருந்தவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம். நடை, படி, சைக்கிள், தூண்டில் எல்லாம் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. தரையில் குந்துவதும் சம்மணமிடுவதும்தான் கடினம். அதற்குக் கால் மடங்கினாலும் புது மூட்டுக்கு அழுத்தம் அதிகம் என்பதால் தவிர்க்கச் சொல்வார்கள். ஆபரேஷனுக்குப் போகும் முன்பே வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறையோ, பிளாஸ்டிக் கமோடு நாற்காலியோ ஏற்பாடு செய்துவிடுங்கள்.

மடக்கத்தைவிட முக்கியமானது நீட்டம். கால் முழுதாக நேராகாவிட்டால், எவ்வளவு மடங்கினாலும் நடை நொண்டும். இங்கேதான் பலர் தெரியாமல் தவறு செய்கிறார்கள். ஆபரேஷன் ஆன காலை லேசாக மடக்கி வைத்தால் சுகமாக இருக்கும். வீட்டில் இருப்பவர்களும் அன்பாக முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். அந்தச் சுகம் பிறகு பெரிய தொந்தரவாகும். சில வாரம் அப்படியே கிடந்தால் கால் வளைந்தபடியே இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் தானாகக் கீழே அழுந்தி நேராகட்டும். ஒரு தடவைக்கு ஐந்து பத்து நிமிஷம், தினம் மூன்று நான்கு தடவை.

முதல் இரண்டு வாரம்: படுக்கையைச் சுற்றி

ஆபரேஷன் நடந்த அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம். காலில் இரத்தம் உறையாமல் இருக்கவும் நுரையீரலில் சளி சேராமல் இருக்கவும் சீக்கிரம் எழுந்து நடப்பது நல்லது. மருத்துவர் உங்களுக்கென்று சொல்லும் அளவுதான் முதலில். பொதுவான பயிற்சிகள் இவை:

1. கணுக்கால் ஆட்டம். படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 20 தடவை.

2. தொடை இறுக்கம். காலை நீட்டி, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்துங்கள். 5 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். 10 தடவை.

3. குதிகால் சறுக்கு. குதிகாலைப் படுக்கையிலேயே சறுக்கிப் பிட்டத்தை நோக்கி இழுங்கள். அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும். 10 தடவை.

4. நேர்கால் தூக்கல். முழங்காலை மடக்காமல் காலை ஒரு சாண் தூக்கி, 5 எண்ணி இறக்குங்கள். முதல் நாள் தூக்க வராது. "கால் என்கிட்ட இல்லாத மாதிரி இருக்கு" என்பார்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும்.

5. நாற்காலி மடக்கல். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையிலேயே பின்னுக்கு இழுங்கள். முடியும் இடத்தில் 10 எண்ணி நிறுத்துங்கள்.

இவற்றைத் தினம் மூன்று வேளை செய்யுங்கள். வலி மாத்திரை சாப்பிட்டு அரை மணி கழித்துச் செய்தால் கால் ஒத்துழைக்கும். முடித்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிஷம் வையுங்கள். நேராகத் தோலில் வைக்காதீர்கள். தையல் பிரிக்கும்வரை, அதாவது ஏறக்குறைய 10 முதல் 14 நாள் வரை, காயத்தில் தண்ணீர் படக்கூடாது. எண்ணெய் தேய்த்து நீவுவது, பச்சிலை கட்டுவது எதுவும் வேண்டாம்.

இரண்டு வாரத்தில் 90 டிகிரியைத் தொடுவது நல்ல இலக்கு. அளக்கக் கருவி வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும். நாற்காலியை எப்போதும் ஒரே இடத்தில் போட்டு, பாதம் பின்னுக்கு எதுவரை போகிறதோ அங்கே கட்டைவிரலுக்கு நேரே தரையில் கோடு போடுங்கள், தேதியும் எழுதுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு விரற்கடை பின்னுக்குப் போனாலும் முன்னேற்றம்தான். கோடு ஒரு வாரம் நகரவில்லை என்றால் இயன்முறை மருத்துவரிடம், அதாவது பிசியோவிடம், சொல்லுங்கள்.

மறைக்காமல் சொல்வதில் ஒரு காரணம் இருக்கிறது. காயம் ஆறும்போது உள்ளே தழும்புத் திசு உருவாகும். முதல் வாரங்களில் அது இளசு, பயிற்சிக்கு இணங்கும். மாதங்கள் போனால் தடித்துவிடும். ஆறு வாரம் தாண்டியும் 90 டிகிரி வராதவர்களுக்கு, மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சையை மருத்துவர் யோசிப்பார். அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு இழக்கும் டிகிரிகள் சுலபமாகத் திரும்பி வராது.

இரண்டு முதல் ஆறு வாரம்: வாசல் தாண்டி

வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கு மாறும் காலம் இது. ஊன்றுகோலை ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். வலது கால் ஆபரேஷன் என்றால் இடது கை. பலர் மாற்றிப் பிடித்து இடுப்பு வலியைச் சம்பாதிக்கிறார்கள்.

படிக்கு ஒரு சூத்திரம்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைப்பிடியை விடக்கூடாது.

முதலில் வீட்டுக்குள், பிறகு தெருவில் ஐந்து ஐந்து நிமிஷமாக நாலைந்து தடவை நடங்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி, ஆறாம் வாரத்தில் ஒரே மூச்சில் 20 முதல் 30 நிமிஷம் நடக்க முடிந்தால் நல்லது. வேகம் வேண்டாம். குதிகால் முதலில் பதிந்து, பிறகு விரல்கள் பதிய வேண்டும். இந்தக் கடற்கரை வெயில் எட்டு மணிக்கே சுடும், அதனால் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள்.

எவ்வளவு வலி வரை போகலாம்? மறுநாள் காலையை வைத்து முடிவெடுங்கள். பயிற்சியின்போது வலித்தாலும் இரவுக்குள் அடங்கி, காலையில் மூட்டு நேற்றுப் போலவே இருந்தால் அளவு சரி. காலையில் வீக்கமும் வலியும் கூடியிருந்தால், அன்று மட்டும் பாதியாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள்.

மூட்டு சூடாக இருப்பதும், மாலையில் வீங்குவதும் சில மாதங்கள் தொடரலாம். தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப் போன மாதிரி இருப்பதும் சகஜம். இவற்றுக்குப் பயந்து ஓய்வெடுக்க வேண்டியதில்லை.

கயிறு பிடிக்க ஒரு மச்சான்

இந்தக் கடல் முத்துக்குப் பேர் போனது. நம் பக்கத்தில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல். சங்கு குளிப்பு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. மூழ்குகிறவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்று சொல்வார்கள். தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் மச்சான் கவனம் தப்பாது என்பது நம்பிக்கை.

மூட்டு மாற்றியவருக்கும் அப்படி ஒருவர் வேண்டும். மனைவியோ, கணவரோ, பேரனோ, பக்கத்து வீட்டுத் தம்பியோ. அவருடைய வேலை, "இன்னைக்குப் பயிற்சி பண்ணியாச்சா?" என்று கேட்பதும், கூட நடப்பதும்தான். தூக்கிவிடுவது அல்ல. தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து கொடுப்பதைவிட, "எந்திரிச்சு வாங்க, சேர்ந்து குடிப்போம்" என்பதே உதவி.

ஆறு வாரம் முதல் மூன்று மாதம்: எந்தப் பொழுதுபோக்கு, எப்போது?

இங்கே சொல்லும் காலம் பொதுவானது. மறு பரிசோதனையில் உங்கள் மருத்துவர் 'சரி' சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றும்.

காலை நடை: பூங்காவின் சமதளப் பாதையில் ஆறு வாரத்துக்குப் பிறகு தாராளமாகப் போகலாம். நொண்டாமல் நடக்க வரும்வரை ஊன்றுகோலை விடாதீர்கள். வெட்கப்பட வேண்டிய பொருள் அல்ல அது.

மணல்: உலர்ந்த மணலில் கால் புதையும், மூட்டு பக்கவாட்டில் திருகும். மூன்று மாதம் பொறுங்கள். பிறகும் முதலில் அலை நனைத்த கெட்டி மணலில், ஐந்து நிமிஷம். கடலோரம் சரிவாக இருப்பதால் ஒரே திசையில் போனால் ஒரு காலுக்கே பாரம் விழும். போன தூரம் திரும்பியும் நடங்கள்.

தூண்டில்: நம் அண்ணாச்சிக்கு நல்ல செய்தி. ஆறு முதல் எட்டு வாரத்தில் போகலாம், மூன்று நிபந்தனைகளோடு. ஒன்று, முழங்கால் உயரத்துக்குக் குறையாத மடக்கு நாற்காலி. குந்தக் கூடாது, அலைதடுப்புக் கல்லில் உட்காரவும் கூடாது. இரண்டு, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து பத்தடி நடக்க வேண்டும். மூன்று, தூண்டிலை வீசும்போது கால் ஊன்றியபடி உடம்பை மட்டும் திருகாமல், பாதத்தையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். பாசி பிடித்த கல் பக்கம் போகவே வேண்டாம். புது மூட்டுக்கு விழுவதைப் போல வேறு எதிரி இல்லை.

சைக்கிள்: 105 டிகிரி மடங்கிய பிறகு. சீட்டை உயர்த்தி வையுங்கள். மிதி கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நேராக வேண்டும். ஸ்கூட்டர், பைக் என்றால் ஆறு வாரத்துக்குப் பிறகு மருத்துவரைக் கேட்டு. அவசரமாக பிரேக் போடவும், வண்டி சாயும்போது ஊன்றவும் கால் தயாரா என்பதுதான் கேள்வி. ஆபரேஷன் காலால் கிக்கரை உதைக்காதீர்கள்.

கடல் குளியல், நீச்சல்: காயம் முழுதாக மூடி, பொருக்கு உதிர்ந்து, குறைந்தது ஆறு வாரம் ஆன பிறகு. அலை அடிக்கும் இடத்தில் முதலில் இறங்க வேண்டாம். தவளை நீச்சலில் கால் வெட்டி உதைப்பது மூட்டைத் திருகும். காலை நேராக அடிக்கும் நீச்சல் நல்லது.

படகு: வள்ளத்திலிருந்து தண்ணீரிலோ மணலிலோ குதிப்பதை மறந்துவிடுங்கள். பலகை வைத்து, கை பிடித்து இறங்குங்கள். நாலைந்து மாதத்துக்கு முன் வேண்டாம்.

உப்பளத்தில் பறவை பார்ப்பது: குளிர்காலத்தில் பூநாரைகள் வரும்போது பலர் காமிராவோடு போவார்கள். உப்பள வரப்பு குறுகலானது, வழுக்கும். முதல் ஆண்டு சாலையோரத்தில் நின்றே பாருங்கள்.

கோயில், தேவாலயம்: பனிமய மாதா பேராலயத் திருவிழாக் கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்பது, திருச்செந்தூருக்கு 40 கிலோமீட்டர் பாதயாத்திரை போவது போன்றவற்றை அந்த ஆண்டு விட்டுவிடலாம். முழந்தாளிடுவது புது மூட்டை உடைத்துவிடாது, ஆனால் பலருக்கு அசௌகரியமாக இருக்கும். மருத்துவரைக் கேட்டு, மெத்தை போட்டு, மெதுவாகப் பழகுங்கள்.

ஓட்டம், கால்பந்து, குதித்து ஆடும் விளையாட்டு ஆகியவை புது மூட்டின் பிளாஸ்டிக் பகுதியைச் சீக்கிரம் தேய்க்கும். தவிர்ப்பது நல்லது.

கைகொடுக்கும் அரசுச் சேவைகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: மூட்டு மாற்று சிகிச்சை இதில் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். சந்தேகத்துக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993. எந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவும் இயன்முறை சிகிச்சைப் பிரிவும் உள்ளன.

சொந்தச் செலவில் செய்பவர்களுக்கு: செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு கொண்டுவந்தது. அப்போது சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று அறிவித்தார்கள். பிறகு சிறு திருத்தங்கள் வந்திருப்பதால், பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லி இன்றைய வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது உங்கள் உரிமை.

மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். வீடு தேடி வரும் சேவைகளில் இயன்முறை சிகிச்சையும் ஒன்று. பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, வீட்டுக்கு பிசியோ வர வேண்டும் என்று கேளுங்கள். ஊருக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமும் சொல்லலாம். ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவைத்தால் முதல் வாரம் வீணாகாது.

பயணம்: பெண்களுக்குச் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. வாரா வாரம் பிசியோவுக்குப் போகும் அம்மாக்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் முதல் ஆறு வாரம் கூட்டப் பேருந்தில் ஏறாதீர்கள்.

வீட்டிலிருந்தே ஆலோசனை: இ-சஞ்சீவனி செயலியில் மருத்துவரோடு வீடியோவில் பேசலாம். 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

ஓய்வூதியர்களுக்கு: நவம்பரில் உயிர்வாழ்ச் சான்று கொடுக்க வாக்கரோடு வங்கிக்கு அலைய வேண்டாம். ஜீவன் பிரமாண் செயலியில் முக அடையாளம் மூலம் போனிலேயே கொடுக்கலாம்.

உங்கள் போனில் ஐந்து வேலை

1. பயிற்சிக்கு மூன்று வேளை அலாரம் வையுங்கள்.
2. காயத்தைத் தினம் ஒரே வெளிச்சத்தில் படமெடுங்கள். சிவப்பு பரவுகிறதா என்பது படத்தில் தெரிந்துவிடும்.
3. வாரம் ஒரு தடவை, நீங்கள் நடந்து வருவதை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பத்து நொடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பிசியோவுக்கு அது ஆயிரம் கேள்விக்குப் பதில்.
4. டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, செயற்கை மூட்டின் ஸ்டிக்கர் மூன்றையும் படமெடுத்துச் சேமியுங்கள். வாகைகுளம் விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் கத்தினால் காட்டுவதற்கும், பின்னாளில் எந்த மருத்துவர் கேட்டாலும் கொடுப்பதற்கும் உதவும்.
5. அடி எண்ணும் செயலியில் இன்றைய எண்ணிக்கையைப் போன வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு வேண்டாம்.

உடனே கவனிக்க வேண்டியவை

• கெண்டைக்கால் திடீரென வீங்கி இறுகி வலித்தால், இரத்த உறைவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தேய்த்து நீவக் கூடாது.
• திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால், யோசிக்காமல் 108.
• காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ் வடிதல், சிவப்பு பரவுதல் இருந்தால், ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே காட்டுங்கள். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள்.
• விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை என்றால், எக்ஸ்ரே கட்டாயம்.

சர்க்கரை உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் அதைக் கட்டுக்குள் வைப்பதே தொற்றுக்கு எதிரான முதல் காவல். சொத்தைப் பல், ஆறாத புண் இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பாடம் முடிந்தது, உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

படுத்திருக்கும்போது தலையணை எங்கே இருக்க வேண்டும்? படி இறங்கும்போது எந்தக் கால் முதலில்? ஊன்றுகோல் எந்தக் கையில்? வீட்டுக்கு பிசியோ வர யாரிடம் சொல்ல வேண்டும்? உங்கள் கயிற்றைப் பிடித்திருப்பவர் யார்? ஐந்துக்கும் பதில் தெரிந்தால் நீங்கள் தயார். தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தைச் சேமித்துவைத்து, மூட்டு வலியோடு இருக்கும் ஒருவருக்கும் அனுப்புங்கள்.

நம் அண்ணாச்சி? இரண்டு மாதம் முடிந்து, மருத்துவர் தலையாட்டிய மறுநாள், மடக்கு நாற்காலியோடு கடலோரம் வந்து உட்கார்ந்திருப்பார். தூண்டிலில் மீன் மாட்டலாம், மாட்டாமலும் போகலாம். அரை மணிக்கு ஒரு தடவை அலாரம் அடிக்கும். எழுந்து பத்தடி நடந்துவிட்டு வருவார். பார்க்கிறவர்கள் கேட்பார்கள்: "என்ன அண்ணாச்சி, எங்கே போறீங்க?"

"எங்கேயும் இல்லப்பா. புது முட்டுக்குக் கடலைக் காட்டிட்டு வாரேன்."